ஆங்கில நாட்டில் ஒரு சிறு திராக்ஷைத் தோட்டம்

இங்கிலாந்தின் தென்பாகத்தில் ஹாம்ப்ஷயர் ஜில்லாவில் ஹாம்பிள்டன் என்றொரு கிராமம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கு விளங்கிய சங்கத்தின் காரணமாகக் கிரிக்கெட் ஆட்டத்தின் தொட்டில் என்று அவ்வூருக்குப் பெயர். அவ்வூரில் மில் டௌன் என்னும் இல்லத்தில் வசித்துவந்த மேஜர் ஜெனரல் ஸர் கை ஸாலிஸ்பரி-ஜோன்ஸ் என்பவர் 1950-களின் தொடக்கத்தில், வீட்டுக்குக் கீழே தெற்கு நோக்கிச் சரிந்து கிடந்த நிலத்தில் திராக்ஷைக் கொடிகளை நட்டார். பிரெஞ்சு தேசத்தில் பாரிஸ் நகரத்து ராணுவத் தூதுவராக இருந்து திரும்பியவர் அவர். அங்குள்ளோர் திராக்ஷையை எப்படி வளர்க்கிறார்கள், எப்படி ஒயின் இறக்குகிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர். ஆயினும் அவர் செய்யத் துணிந்த காரியத்தை அக்காலத்தில் இங்கிலாந்தில் ஒருவரும் பிழைப்பாகச் செய்யவில்லை. முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு அந்நாட்டில் திறந்தவெளியில் திராக்ஷை விளைவித்து ஒயின் விற்றவர் எவருமில்லை. நட்ட கொடி மூன்று வருஷம் கழித்தே குலை தரும். நட்ட ரகம் தவறானால் அத்தவற்றைக் கண்டுகொள்வதற்குள் கைப்பணம் மண்ணுக்குள் போய்விடும். இவ்வளவையும் அறிந்தே அவர் நட்டார். 1955-ம் வருஷத்தில் அவருடைய ஒயின் விலைக்கு வந்தது.

மது அருந்துதலை வெறுக்கும் வாசகர் இந்தப் பத்திரிகைக்கு அநேகர். அவர்களும் இக்கட்டுரையைப் படிப்பதில் பிழையில்லை. ஏனெனில் இங்கே விசாரிக்கப்படுவது குடியைப் பற்றியன்று. விளையாது என்று ஊரார் கைவிட்ட சீதோஷ்ணத்தில் ஒரு பயிரை எந்த ரகத்தைக் கொண்டு, எந்தச் சரிவில், எவ்விதக் கவாத்தினால் விளைவித்தார்கள் என்பதே விஷயம்.

இங்கிலாந்துக்குத் திராக்ஷை புதிதன்று. முதலாம் வில்லியம் அரசன் 1086-ல் எழுதுவித்த டூம்ஸ்டே கணக்கு, நம் தேசத்துப் பைமாஷ் கணக்கைப் போல நிலம், ஏர், காடு, ஆலை யாவற்றையும் ஊர் ஊராகப் பதிந்தது. அதில் நாற்பதுக்கு மேற்பட்ட இடங்களில் திராக்ஷைத் தோட்டம் குறிக்கப்பட்டிருக்கிறது. கர்ணம் வேலை பார்ப்போர் ஒன்றைக் கவனிக்கலாம். மற்ற நிலங்களுக்கு நாட்டு அளவையைச் சொல்லும் அக்கணக்கு, திராக்ஷைக்குப் பல இடங்களில் பிரெஞ்சுக்காரரின் ‘ஆர்ப்பென்ட்’ அளவையைச் சொல்லுகிறது. நட்டவர் யார் என்பது அளவையிலேயே தெரிகிறது. பின்னர் இத்தோட்டங்கள் மெள்ள மெள்ள அருகிப்போயின. 1875-ல் பியூட் பிரபு வேல்ஸ் பகுதியில் கோச் கோட்டைக்கருகே நட்டுப் பார்த்தபோது, அந்த ஒயினைக் குடிக்க நால்வர் தேவை என்றும், ஒருவர் குடிக்க, இருவர் அவரைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் ஊற்ற வேண்டும் என்றும் ஒரு லண்டன் ஹாஸ்யப் பத்திரிகை கேலி செய்தது. ஆனாலும் பிரபு விடவில்லை. நல்ல விலைக்கே விற்றார். முதல் யுத்தத்தோடு அதுவும் நின்றது.

அந்நாட்டில் நின்றுபோகாதது கண்ணாடி வீட்டுத் திராக்ஷை ஒன்றே. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ல் நட்ட ‘பிளாக் ஹாம்பர்க்’ கொடி ஒன்று இன்றும் காய்க்கிறது. வருஷத்துக்குச் சராசரி 270 கிலோ வரையில் பழம் கொடுக்கிறது. இந்த ஜாதியையும் ‘மஸ்கட் ஆப் அலெக்ஸாண்டிரியா’ என்னும் வெள்ளை ஜாதியையும் கலப்பித்து, பெட்போர்ட்ஷயரில் ரெஸ்ட் பார்க் மாளிகைத் தோட்டக்காரர் ஸ்னோ என்பவர் 1850-ஐ ஒட்டி ஒரு புது ரகம் உண்டாக்கினார். அதற்கு ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்று பெயர். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராக்ஷை என்று நாம் வழங்குவது இதுவேயாகும். குளிருக்கு அஞ்சிக் கண்ணாடிக்குள் பிறந்த ரகம் கம்பத்து வெயிலில் பந்தலேறிப் படர்வது வேடிக்கைதான்.

அக்கண்ணாடி வீடுகளிலிருந்து வந்த வினையும் உண்டு. இலையிலும் காயிலும் சாம்பல் பூத்தாற்போல் படியும் நோயை ஐரோப்பாவில் முதன்முதலில் கண்டது 1845-ல், மார்கேட் என்னும் ஊரில் டக்கர் என்ற தோட்டக்காரரே. வேரைத் தின்னும் பைலாக்ஸெரா என்னும் பேன் 1863-ல் லண்டனையடுத்த ஹாமர்ஸ்மித்தில் ஒரு கண்ணாடி வீட்டில் தெரியவந்தது. இரண்டும் அமெரிக்காவிலிருந்து செடிகளோடு கப்பலேறி வந்தவை. பின்னர் இவை பிரெஞ்சு தேசத்துத் தோட்டங்களைச் சூறையாடிய கதை உலகமறிந்தது. பேனுக்குப் பரிகாரமாக அமெரிக்கக் கொடியின் வேர்ச்செடியில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். வேறு சிலர், இரண்டையும் மகரந்தம் மாற்றிக் கலப்பு ரகங்களை உண்டாக்கினார்கள். அக்கலப்பு ரகங்களுள் ஒன்றுதான் ஹாம்பிள்டனைக் காப்பாற்றிற்று.

நிலமும் சீதோஷ்ணமும்

ஹாம்பிள்டன் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 51-வது டிகிரியில் உள்ளது. அங்கே திராக்ஷைக் கொடி ஏப்ரல் மாதத்தில் தளிர்க்கும். ஜூன் கடைசியிலோ ஜூலை முதலிலோ பூக்கும். பூத்து ஏறக்குறைய நூறு நாள் சென்று அக்டோபரில் பழுக்கும். இவ்வளவு நீண்ட காலத்தில் இரண்டு கண்டங்கள் உள்ளன. தளிர் பச்சை காட்டிய பிறகு ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ ஒரே ஓர் இரவு உறைபனி விழுந்து, வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரி சென்டிகிரேடு இறங்கினால் தளிர்கள் கருகிவிடும். அதைத் தப்பினாலும், பூக்கும் வாரத்தில் மழையும் குளிருமாக இருந்தால் பூ பிஞ்சாகாமல் உதிரும். உரமிட்டோ நீர் பாய்ச்சியோ இவற்றுக்கு நிவாரணம் தேட முடியாது. இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ரகத்தைத் தேர்ந்தெடுப்பதிலுமே விவசாயியின் சாமர்த்தியம் இருக்கிறது.

சரிவான நிலம் தேடப்படுவது இதனால்தான். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலவே தாழ்ந்த இடம் நோக்கி வழிந்தோடும். சரிவின் அடியில் உயிர்வேலி அடர்ந்து நின்றால், மதகை அடைத்தாற்போல் குளிர் அங்கே தேங்கிக் கீழ்வரிசைக் கொடிகளைக் கருக்கிவிடும். ஆதலால் வேலியின் அடியில் வழி திறந்துவிடுவார்கள். தெற்கு நோக்கிய சரிவு வெயிலை நேரே வாங்கும். மேற்கிலிருந்து வீசும் கடற்காற்றைத் தடுக்க மரவரிசை வேண்டும். உயரத்தில் ஏற ஏறக் குளிர் அதிகமாதலால், கடல் மட்டத்துக்கு மேல் 100 மீட்டரைத் தாண்டாத இடமே உத்தமம் என்பர்.

ஹாம்பிள்டன் மண் சீமைச் சுண்ணாம்புப் பாறையின் மேல் படர்ந்த மெல்லிய மண். நீர் தேங்காது, அதே சமயம் பாறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்து கோடையில் வேருக்குக் கொடுக்கும். பிரெஞ்சு தேசத்துப் புகழ்பெற்ற ஷாம்பேன் பிரதேசத்திலும் இவ்வகைச் சுண்ணாம்பே. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் எல்லா வேர்ச்செடியும் தாங்குவதில்லை. இரும்புச் சத்து ஏறாமல் இலை வெளுத்துப் போகும். அதற்குத் தாங்கக்கூடிய ‘41 பி’, ‘பெர்கால்’ முதலிய வேர்ச்செடிகளில் ஒட்டுக் கட்டிய கன்றுகளையே அங்கு நடவேண்டும். மேலே என்ன ரகம் என்று மட்டும் கேட்டு, கீழே என்ன வேர் என்று கேளாமல் கன்று வாங்கியவர்கள் வருந்தியிருக்கிறார்கள்.

எந்த ரகம்?

ஸாலிஸ்பரி-ஜோன்ஸ் துரை இக்கேள்விக்கு விடை தேடி இருட்டில் துழாவ வேண்டியிருக்கவில்லை. ஸர்ரே ஜில்லாவில் ஆக்ஸ்டெட் என்னும் ஊரில் ரே பாரிங்டன் பிராக் என்ற விஞ்ஞானி, இரண்டாம் யுத்தம் முடிந்த சமயத்தில் தமது சொந்தச் செலவில் ஒரு திராக்ஷை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியிருந்தார். சர்க்கார் மான்யம் கிடையாது. ஸ்விட்ஸர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் முதலிய தேசங்களிலிருந்து ரகங்களை வரவழைத்து, காலப்போக்கில் 600 ரகம் வரையில் நட்டுப் பார்த்தார். எது எப்போது பழுக்கிறது, எதில் நோய் காண்கிறது, எதன் சாற்றில் சர்க்கரை எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று அளந்தெழுதி அறிக்கைகளாக அச்சிட்டார். இங்கிலாந்துக்குத் தகுந்தவை என்று அவர் கைகாட்டியவற்றுள் முக்கியமானவை இரண்டு: ‘முல்லர்-துர்காவ்’, ‘ஸேய்வல் பிளாங்க்’.

ஹாம்பிள்டனில் பிரதானமாக நடப்பட்டது ஸேய்வல். அக்காலத்தில் இதற்குப் பெயர்கூட இல்லை. உண்டாக்கிய பிரெஞ்சு நாற்றங்கால்காரர் பெயராலும் எண்ணாலும் ‘ஸேய்வ்-வில்லார் 5276’ என்று வழங்கிற்று. அமெரிக்கக் கொடியின் கலப்பு இருப்பதால் சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் இதை எளிதில் அண்டுவதில்லை. தளிர் சற்றுத் தாமதித்து வரும். பனியில் முதல் தளிர் கருகினாலும் இரண்டாவது மொட்டிலிருந்து ஓரளவு காய்க்கும். வருஷா வருஷம் தவறாமல் பலன் தரும். குறை என்னவெனில், சாற்றில் சர்க்கரை குறைவு, புளிப்பு அதிகம், வாசனை விசேஷமாகச் சொல்லும்படி இல்லை. சுருங்கச் சொன்னால், அடக்கமான உழைப்பாளி. 1973-ல் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்த பிறகு இதற்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. கலப்பு ரகங்களிலிருந்து இறக்கிய ஒயினுக்கு உயர்தர முத்திரை கொடுக்கக் கூடாது என்பது அச்சமூகத்தின் சட்டம். எந்த ரகம் அந்நாட்டுச் சிறு விவசாயியைப் பசியாமல் காத்ததோ அதன் ஒயின் எத்தனை நன்றாக இருப்பினும் தாழ்ந்த வரிசையிலேயே உட்கார வேண்டியதாயிற்று. கோப்பையில் உள்ளதைச் சுவைக்காமல் கொடியின் குலத்தை விசாரித்த சட்டம் அது.

முல்லர்-துர்காவ் 1882-ல் துர்காவ் பிரதேசத்து முல்லர் என்ற விஞ்ஞானி ஜெர்மனியில் உண்டாக்கியது. ‘ரீஸ்லிங்’, ‘ஸில்வானர்’ என்னும் இரண்டின் சந்ததி என்று நூறு வருஷத்துக்கு மேலாக எல்லோரும் எழுதினார்கள். அணுப் பரம்பரைச் சோதனைகள் வந்தபிறகு, தந்தை ஸில்வானர் அல்ல, ‘மாடலேன் ராயல்’ என்று தெரிந்தது. 1980-களில் இங்கிலாந்தில் இதுவே முதலிடம் பெற்றிருந்தது. ஈரமான ஆகஸ்டு மாதத்தில் குலை அழுகுதலும், பூக்கும் காலத்து மழையில் பிஞ்சு உதிர்தலும் இதன் குற்றங்கள். இன்று அருகிவிட்டது.

இதன் இடத்தைப் பிடித்தது இதன் பிள்ளையே. 1933-ல் ஜெர்மனியில் கலப்பிக்கப்பட்ட ‘பாக்கஸ்’ என்னும் ரகத்துக்கு முல்லர்-துர்காவ் ஒரு பெற்றோர். பிறந்த நாட்டில் இதற்கு மதிப்பு அதிகமில்லை. அங்குள்ள வெப்பத்தில் புளிப்பு சீக்கிரம் குறைந்து சப்பென்றாகிவிடும். இங்கிலாந்தின் குளிரில் புளிப்பு நின்று, வெட்டிய புல்லும் வேலியோரத்து எல்டர் பூவும் கலந்தாற்போன்ற வாசனை எழும்புகிறது. நுரையில்லாத சாதாரண ஒயினுக்கு அந்நாட்டில் இன்று முதன்மையான ரகம் இதுவே. ஓரிடத்தில் மதியாத ரகம் மற்றோரிடத்தில் உச்சிக்கு ஏறுவதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் அகப்படாது.

‘ஆர்டேகா’ என்பது 1948-ல் உண்டானது. ஸ்பெயின் தேசத்துத் தத்துவ ஞானி ஒருவரின் பெயர் அதற்கு இடப்பட்டது. மிகச் சீக்கிரம் பழுத்து மிகுந்த சர்க்கரை கொடுக்கும். பூ உதிர்வதுதான் தொல்லை. கெண்ட் ஜில்லாவில் பிடெண்டன் என்னும் ஊரில், ஆப்பிள் தோட்டத்தை மாற்றி 1969-ல் ஒரு ஏக்கரின் மூன்றில் ஒரு பங்கில் கொடி நட்ட குடும்பத்தார் இந்த ரகத்தால் பெயர் பெற்றார்கள். ‘ரெய்க்கன்ஸ்டைனர்’, ‘ஹக்ஸல்ரேபே’ முதலியவையும் ஜெர்மன் கலப்புகளே. சிவப்பு ஒயினுக்கு வெயில் போதாமையே அங்கு நெடுநாள் வருத்தம். கிழக்காசியக் காட்டுத் திராக்ஷையின் கலப்புள்ள ‘ராண்டோ’ குளிரைத் தாங்கிச் சீக்கிரம் பழுத்து, சதையே சிவந்திருப்பதால் நிறம் குறைவில்லாமல் கொடுக்கிறது. ராதாம் என்னும் கிராமத்தில் ஒரு குடிசைச் சுவரில் யாரும் கவனியாமல் படர்ந்திருந்த பழங்கொடி ஒன்றை எட்வர்ட் ஹயம்ஸ் என்ற எழுத்தாளர் கண்டு பிராக்கிடம் கொடுத்தார். இலையின்மேல் மாவு தூவினாற்போல் வெண்மையிருக்கும். ஷாம்பேன் பிரதேசத்து ‘மூனியே’ ரகத்துக்கு நெருங்கிய உறவு என்று கண்டார்கள். மூனியே என்றால் பிரெஞ்சில் மாவரைப்பவன் என்று பொருள்.

கவாத்தும் காவலும்

வரிசைக்கு வரிசை ஆறரை அடி, கொடிக்குக் கொடி நான்கடி என்று நட்டால் ஏக்கருக்குச் சுமார் 1,670 கொடி பிடிக்கும். பந்தல் கிடையாது, மரத்தூண் நட்டுக் கம்பி இழுத்துச் சுவர் போல் நிமிர்த்தி வளர்ப்பார்கள். குளிர்காலத்தில் இலையுதிர்ந்து கொடி உறங்கும்போது கவாத்து நடைபெறும். சென்ற வருஷத்துக் கொடிகளில் ஒன்றையோ இரண்டையோ எட்டுப் பத்து மொட்டுகளோடு நிறுத்திக் கீழ்க்கம்பியில் வளைத்துக் கட்டி, அடுத்த வருஷத்துக்கென்று குட்டையான ஒரு கணுவும் விட்டு, மற்ற யாவற்றையும் வெட்டி எறிவார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெட்டுண்டு போகும். புதிதாக வந்தவன் கை நடுங்குவது இங்கேதான். மொட்டை அதிகம் விட்டால் குலை அதிகம் வரும். ஆனால் அந்தச் சிறு வெயிலில் அத்தனையும் பழுக்காது. கோடையில் குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் செய்வர். கந்தகமும், மயில்துத்தக் கலவையும் பிற மருந்துகளும் பருவந்தோறும் தெளிப்பர்.

உறைபனி விழும் இரவில் தோட்டக்காரன் உறங்குவதில்லை. மெழுகு நிறைத்த தகரக் குவளைகளை ஏக்கருக்கு நூற்றுக்கு மேலாக வரிசைகளுக்கிடையே வைத்து, வெப்பமானி பூஜ்யத்தை நெருங்கும்போது ஒவ்வொன்றாகக் கொளுத்துவார்கள். செலவு மிகுந்த தீபாவளி. 2017-ம் வருஷம் ஏப்ரல் கடைசி வாரத்தில் விழுந்த பனியில் பல தோட்டங்கள் பெரும்பகுதி விளைவை இழந்தன. பழுக்கும் காலத்தில் பறவைகள் வரும். வலை போர்த்தாவிட்டால் விவசாயிக்கு எஞ்சுவது காம்புதான்.

ஒயின்கள்

குளிர்நாட்டுச் சாற்றில் புளிப்பு மிகுதி, சர்க்கரை குறைவு. சட்டம் அனுமதிக்கும் அளவுக்குச் சர்க்கரை சேர்த்துப் புளிக்க வைப்பது அங்கு வழக்கம். இக்குறையே ஒரு வகை ஒயினுக்கு நிறையாக அமைந்தது. நுரைக்கும் ஒயினுக்குப் புளிப்பு வேண்டும். முதலில் புளித்து அடங்கிய ஒயினைப் புட்டியில் நிரப்பி, லிட்டருக்கு 24 கிராம் அளவில் சர்க்கரையும் ஈஸ்ட் என்னும் நொதியும் இட்டு மூடினால், உள்ளேயே மறுபடி புளித்து, உண்டாகும் வாயு வெளியேற வழியின்றிச் சாற்றில் கரைந்து நிற்கும். புட்டிக்குள் அழுத்தம் ஆறு வாயுமண்டல அளவு. மோட்டார் வண்டிச் சக்கரத்திலுள்ளதைப் போல் இரண்டு மூன்று மடங்கு. மாதக்கணக்காக, நல்ல சரக்கானால் வருஷக்கணக்காக, வண்டலோடு படுக்க வைத்து, பிறகு புட்டியைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தலைகீழாக்கி, கழுத்தில் சேர்ந்த வண்டலை உறையச் செய்து வெளியேற்றுவர். ஒயினில் சர்க்கரை இட்டு நுரைக்கச் செய்யும் வழக்கத்தைப் பற்றிக் கிறிஸ்டோபர் மெரட் என்பவர் 1662-லேயே லண்டன் ராயல் சங்கத்தில் கட்டுரை சமர்ப்பித்தார். நிலக்கரி உலையில் வார்த்த ஆங்கிலப் புட்டிகள் அவ்வழுத்தத்தைத் தாங்கும் பலமுள்ளவையாக இருந்தன.

இவ்வறிவு இருந்தும், இங்கிலாந்தில் இதற்கென்றே ஷாம்பேன் பிரதேசத்து மூன்று ரகங்களாகிய ‘ஷார்டனே’, ‘பினோ நுவார்’, ‘பினோ மூனியே’ ஆகியவற்றை மட்டும் நம்பி ஒரு தோட்டம் முழுவதும் நட்டது 1988-ல், மேற்கு ஸஸ்ஸெக்ஸில் நைட்டிம்பர் என்னுமிடத்தில்தான். அத்தோட்டத்தின் வெற்றிக்குப் பிறகு எல்லோரும் அவ்வழி சென்றார்கள். சீதோஷ்ணமும் மாறிவந்திருக்கிறது, தென் இங்கிலாந்தின் பயிர்ப் பருவத்து வெப்பம் சில பத்தாண்டுகளில் சுமார் ஒரு டிகிரி சென்டிகிரேடு ஏறியிருக்கிறது. பிராக் நட்டுப் பார்த்தபோது பழுக்கத் தயங்கிய ஷார்டனே இப்போது பழுக்கிறது. இந்த மூன்று ரகங்களே இன்று அந்நாட்டுத் திராக்ஷைப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆக்ரமித்திருக்கின்றன. மொத்தப் பரப்பும் 4,000 ஹெக்டேரைத் தாண்டிவிட்டது.

ஆனால் கணக்கைப் பார்க்காமல் இதைப் புகழ்வது நியாயமன்று. நல்ல வருஷமும் கெட்ட வருஷமும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஹெக்டேருக்கு 20 முதல் 25 ஹெக்டோலிட்டர் ஒயினே தேறும்; அதாவது ஏக்கருக்குச் சுமார் 1,200 புட்டி. கொடி ஒன்றுக்கு ஒரு புட்டிகூட இல்லை. அதிலும் ஒவ்வொரு புட்டிக்கும் சர்க்காருக்குக் கலால் வரி செலுத்த வேண்டும். நுரைக்கும் ஒயினாக்கினால், நட்ட நாளிலிருந்து முதல் புட்டி விற்கும் நாள்வரை ஆறேழு வருஷம் பணம் முடங்கிக் கிடக்கும். 2012-ல் குளிரும் மழையும் மிகுந்து பழம் தரமாகாமையால் நைட்டிம்பரார் அவ்வருஷம் ஒரு புட்டிகூட இறக்குவதில்லை என்று தீர்மானித்தனர். பெரிய தோட்டத்துக்கு அது இயலும். இரண்டு ஏக்கர் உடையவன் அவ்வருஷத்து வட்டியை எங்கிருந்து கட்டுவான்? சிறு தோட்டத்தார் பலர் தோட்டத்தைச் சுற்றிக் காட்டியும், வாசலிலேயே நேரே விற்றும் கட்டுமானம் செய்துகொள்கிறார்கள். தரகும் கடைக்காரன் லாபமும் மிஞ்சுவதால்தான் இது நடக்கிறது.

பெயரிலும் ஒரு சூது உண்டு. ‘இங்கிலீஷ் ஒயின்’ என்றால் அந்நாட்டில் விளைந்த திராக்ஷையிலிருந்து இறக்கியது. ‘பிரிட்டிஷ் ஒயின்’ என்றாலோ வெளிதேசத்திலிருந்து வந்த குறுக்கிய சாற்றை நீர் விட்டுப் புளிக்க வைத்தது. விலை மலிவு, வாங்குவோருக்குப் பேதம் தெரியாது. பனியில் விழித்திருந்து விளைவித்தவனுடைய சரக்கின் பக்கத்திலே இதுவும் கிட்டத்தட்ட அதே பெயரோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டு விவசாயிகள் மனம் நொந்ததில் வியப்பில்லை. 1967-ல் அவர்கள் ஒன்றுகூடித் திராக்ஷைத் தோட்டக்காரர் சங்கம் ஏற்படுத்தியபோது அதற்கு முதல் தலைவராக அமர்ந்தவர் ஹாம்பிள்டன் ஜெனரலே.

அவர் 1985-ல் காலமானார். தோட்டம் அதற்கு முன்னமே கைமாறிற்று. சில காலம் சுருங்கிக் கிடந்தது. 1999-ல் வாங்கியவர் அதைப் புதுப்பித்து, 2005-க்குப் பின் ஷாம்பேன் ரகங்களைப் பெருக நட்டார். 2023-ல் லண்டன் ஒயின் வியாபாரிகளும் போர்ச்சுகல் தேசத்துக் குடும்ப நிறுவனம் ஒன்றும் சேர்ந்து அதை விலைக்கு வாங்கினர். இன்று அது சிறு தோட்டமன்று. ஸேய்வல் கொடி இப்போது கார்ன்வால், ஸஸ்ஸெக்ஸ் முதலிய ஜில்லாக்களில், பனிக்கு அஞ்சும் சிறு தோட்டத்தாரிடம் இருக்கிறது. இன்னும் தவறாமல் காய்க்கிறது.